கூர்க்கா கத்தியின் வாயும் முதுகும்

டேராடூனில் ராணுவப் பணியில் இருந்தபோது உங்கள் சின்னத் தாத்தா வாங்கிய குக்ரி (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) ஒன்று இப்போது உங்கள் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அலகு 11 அங்குலம், பிடி எருமைக்கொம்பு, முதுகில் "ஸ்ரீ" என்று தொடங்கும் சில தேவநாகரி எழுத்துகள், அலகு புடைத்திருக்கும் வயிற்றுப் பகுதியில் விளிம்பு சிதைந்து மிளகளவு ஒரு பல் விழுந்திருக்கிறது, வெட்டும் விளிம்பான வாய் மழுங்கியிருக்கிறது. அதன் வடிவம் ஏன் அப்படி வளைந்திருக்கிறது, பிடிக்கு அருகில் உள்ள சிறு வெட்டு எதற்காக, சாணைக்காரரிடம் கொடுத்துக் கூர் ஏற்றலாமா, அது எவ்வளவு பழையது என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவசரம் இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: அந்தக் கத்தியைச் சாணைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். குக்ரியின் வாய் நெடுக ஒரே சரிவு கிடையாது, ஒரே கடினமும் கிடையாது. இடத்துக்கு இடம் வேறுபடும்படி அதை ஒரு கொல்லர் கையால் செய்து வைத்திருக்கிறார். சக்கரம் அந்த வேறுபாடு முழுவதையும் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும்.

எனக்கே அது நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாக வாங்கிய பழைய குக்ரியை ஒரு சாணைக் கடையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது வாய் பளபளத்தது. ஆனால் வயிற்றுப் பகுதியில் விரல் நீளத்துக்கு ஒரு நீலப் படலம் ஓடியிருந்தது. வைக்கோல் நிறம் ஏறினால் உருக்கு 220 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகியிருக்கிறது என்று பொருள். நீலம் ஏறினால் அது 300 டிகிரியை எட்டிவிட்டது. கொல்லர் தண்ணீர் ஊற்றி ஏற்றிய கடினம் அந்தச் சூட்டில் இறங்கிவிடுகிறது. அந்தக் கத்தி இன்றும் என்னிடம் இருக்கிறது. எத்தனை முறை தீட்டினாலும் நான்கு குச்சி வெட்டுவதற்குள் வாய் மடிந்துவிடுகிறது.

இனி வடிவத்தைப் பார்ப்போம். குக்ரியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், பிடியிலிருந்து புறப்படும் அலகு சிறிது தூரம் நேராகச் சென்று, பிறகு வாய்ப்பக்கமாகக் கீழே சரிகிறது. முதுகில் அந்த இடத்தில் தோள்பட்டை போல ஒரு மேடு தெரியும். வாய்ப்பக்கத்தில் அதே இடத்தில் உட்குழிவு தொடங்கி, அதைத் தாண்டியதும் வயிறு வெளியே புடைத்து, பிறகு முனையை நோக்கிக் கூம்புகிறது. இந்த வளைவினால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. முதலாவது, எடை கையை விட்டு முன்னே போகிறது. அதனால் அலகின் நீளம் ஓர் அடிகூட இல்லாவிட்டாலும் சிறு கோடரியின் வீச்சு கிடைக்கிறது. இரண்டாவது, மணிக்கட்டை மடக்காமல் வீசினாலும் வாய் விறகின் மேல் சாய்வாகவே இறங்குகிறது. சாய்வாக இறங்கும் வாய் அடிப்பதோடு நிற்காமல் இழுத்தும் அறுக்கும். வாழைத்தண்டை நேராக அழுத்தி வெட்டுவதற்கும், கத்தியைச் சற்று இழுத்து வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குக்ரியில் அந்த இழுப்பு வடிவத்துக்குள்ளேயே அமைந்துவிட்டது.

நம் ஊர் அரிவாளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். திருப்பாச்சேத்தி அரிவாளிலும் எடை முன்னால்தான் இருக்கிறது, வாயும் உள்வளைவுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அரிவாளின் முனை உட்பக்கமாக வளைந்து, வெட்டப்படும் பொருளைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. குக்ரியின் முனையோ நேரே முன்னால் நோக்கி நிற்கிறது, அதற்குப் பின்னால் உள்ள வயிறுதான் வெட்டுகிறது. தென்னையும் பனையும் கருவேலமும் உள்ள நிலத்துக்கு ஒரு வடிவமும், புதரும் விறகும் மூங்கிலும் ஆட்டிறைச்சியும் ஒரே கருவியால் கையாளப்பட வேண்டிய மலைநாட்டுக்கு இன்னொரு வடிவமும் அமைந்தன. பழைய கிரேக்கத்து வளைகத்தி அலெக்சாந்தரின் படையோடு வந்து குக்ரியானது என்று பலர் எழுதுவதை நீங்கள் படித்திருக்கலாம். இரண்டுக்கும் வடிவ ஒற்றுமை உண்டு என்பது உண்மை; இடையில் உள்ள பல நூற்றாண்டுகளை இணைக்கும் சான்று எதுவும் காட்டப்படவில்லை. கதிர் அரிவாள் பிடித்த கைகளிலிருந்து பிறந்த கத்தி இது என்று எண்ணுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிடியருகே உள்ள வெட்டுக்கு நேபாளியில் "சோ" என்றும் "கௌடி" என்றும் பெயர். இதைப் பற்றி உலவும் கதைகள் ஏராளம். சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு என்ற சமய விளக்கங்கள் நேபாளத்திலேயே சொல்லப்படுகின்றன. பல பழைய கத்திகளில் அந்த வெட்டின் நடுவே ஒரு சிறு முள் போன்ற அமைப்பு நிற்பதால் திரிசூல விளக்கம் கண்ணுக்கும் ஏற்றதாக இருக்கிறது. குருதி பிடிக்கு வழியாமல் அங்கே சொட்டிவிடும் என்பது இன்னொரு விளக்கம். செய்தொழில் கண்ணோடு பார்த்தால், வாய் எங்கே முடிகிறது என்று அந்த வெட்டு காட்டுகிறது. தீட்டுபவர் கல்லை அதுவரை கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்குப் பின்னால் உள்ள பகுதி தீட்டப்படாமல் முழுத் தடிமனோடு நின்று பிடியைத் தாங்குகிறது. உங்கள் கத்தியில் அந்த வெட்டின் உள்விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மூலைகள் உருண்டிருந்தால் நல்ல கொல்லரின் கை. கூரான மூலையாக இருந்தால் பலத்த அடியில் விரிசல் தொடங்கக்கூடிய இடம் அது. பழங்கத்தி பார்க்கும்போது நான் முதலில் பூதக்கண்ணாடி வைக்கும் இடம் இதுதான்.

உறையிலிருந்து எடுத்த குக்ரி குருதி பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்ற கதையையும் இங்கேயே விட்டுவிடலாம். நேபாளத்து வீட்டில் காலையில் விறகு பிளக்கவும், பகலில் வேலிக்கு மூங்கில் சீவவும், மாலையில் இறைச்சி நறுக்கவும் எடுக்கப்படும் கத்தி அது. எடுக்கும்போதெல்லாம் விரலைக் கீறிக்கொண்டால் ஒரு வாரத்தில் கையே இருக்காது. 1814 அக்டோபரில் டேராடூனுக்கு அருகில் நாளாபாணிக் கோட்டையில் பலபத்ர குன்வர் தலைமையில் நின்ற சிறு கூர்க்காப் படையோடு மோதி, தளபதி கில்லெஸ்பியை இழந்த ஆங்கிலேயர்கள், அடுத்த ஆண்டிலேயே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். இத்தகைய கதைகள் அந்த வீரர்களைப் பற்றிய வியப்பிலும் அச்சத்திலும் வளர்ந்தவை. 1947இல் பத்துக் கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தன. உங்கள் சின்னத் தாத்தா டேராடூனில் குக்ரி வாங்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்தியப் பக்கத்தில் அந்தக் கத்தி செய்யப்படும் ஊர்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கத்தி உருவாகும் விதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சிய அலகைத் தண்ணீரால் குளிர்வித்துக் கடினம் ஏற்றுவது. இன்றைய நேபாளக் கொல்லர்கள் பெரும்பாலும் லாரியின் கமான் பட்டையைத்தான் எடுக்கிறார்கள். அந்த உருக்கில் கரியின் அளவு ஏறத்தாழ 0.6 விழுக்காடு, அதோடு சிறிது குரோமியம். அடி தாங்குவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. அதை உலையில் காய்ச்சி, அடைகல்லின் மேல் வைத்து, இருவர் மூவர் மாறிமாறிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவருகிறார்கள். அரத்தால் சீவி முடித்த அலகை மறுபடியும் செந்நிறமாகக் காய்ச்சி வாய் மேல்நோக்கி இருக்கும்படி இடுக்கியில் பிடித்துக்கொண்டு, கொல்லர் ஒரு தேநீர்க் கெண்டியை எடுக்கிறார். மூக்கு வழியாக மெல்லிய தாரையாக இறங்கும் தண்ணீரை வாயின் மேல், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், முன்னும் பின்னுமாக ஓட்டுகிறார். தண்ணீர் பட்ட இடம் கறுக்கிறது. முதுகு இன்னும் சிவந்தே இருக்கிறது. அவர் சட்டென்று நிறுத்திவிட்டு அலகைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். முதுகில் தேங்கிய சூடு வாயை நோக்கித் திரும்பி வரும்போது, துலங்கிய உருக்கின் மேல் வைக்கோல் நிறம் மெல்ல ஊர்ந்து வருகிறது. அது வாயை எட்டும் நொடியில் மீண்டும் சிறிது தண்ணீர். நிறம் நீலமாக மாறும் வரை காத்திருந்தால் கத்தி கெட்டது. வைக்கோல் நிறம் வருவதற்கு முன்னே குளிர்வித்துவிட்டால் வாய் கண்ணாடி போல நொறுங்கும். அளவுகோல் எதுவும் இல்லாமல், உலையின் அரையிருட்டில், கண்ணை மட்டும் நம்பி இதைச் செய்கிறார்கள்.

இதன் விளைவாக வயிற்றின் வாய் மிகக் கடினமாகவும், உட்குழிவும் முனையும் சற்று இளக்கமாகவும், முதுகு இன்னும் இளக்கமாகவும் அமைகின்றன. வெட்டும் இடம் கூரைத் தாங்குகிறது, வெட்டின் அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்கிறது. முழுக் கத்தியையும் எண்ணெய்த் தொட்டியில் முக்கி ஒரே கடினமாக ஆக்குவது ஆலைக்கு எளிது. ஆனால் அப்படிச் செய்தால், ஒன்று வாயைக் கொஞ்சம் இளக்க வேண்டியிருக்கும், அல்லது முதுகு முறியும் ஆபத்தை ஏற்க வேண்டியிருக்கும். நான் சேகரிக்கும் கத்திகளில் குக்ரிக்குத் தனி இடம் கொடுத்திருப்பதற்கு இந்தத் தோய்ச்சல்தான் காரணம்.

இந்தக் கொல்லர்களைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்கள் காமி சமூகத்தினர். உறைக்குத் தோல் தைப்பவர்கள் சார்க்கி சமூகத்தினர். 1854இல் எழுதப்பட்ட முலுகி ஐன் என்ற நேபாளச் சட்டம் இரு சமூகங்களையும் தீண்டத்தகாதவர்கள் வரிசையில் வைத்தது. 1963இல்தான் சட்டத்தின் பார்வையில் அது முடிவுக்கு வந்தது. ஒரு நாட்டின் சின்னமாக உலகம் அறிந்த பொருளைச் செய்த கைகள், அந்தப் பொருளைப் பூசையில் வைத்த வீடுகளுக்குள் நுழைய முடியாமல் இருந்தன. இன்று காமிகளில் பலர் விஸ்வகர்மா என்ற பெயரைப் பின்னொட்டாக வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர்களுக்கும் உரிய பெயர்தான் அது. தசைன் திருவிழாவின் நவமி நாளில் அங்கே குக்ரிக்கும் மற்றக் கருவிகளுக்கும் பூசை நடக்கிறது. அதே நாளில்தான் நாம் ஆயுத பூசை செய்கிறோம்.

இப்போது வாயை நெருங்கிப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே, முனை உங்களை நோக்கி இல்லாதபடி பிடித்துக்கொண்டு அலகைக் குறுக்குவெட்டாக மனத்தில் கற்பனை செய்து பாருங்கள். முதுகின் தடிமன் தோள்மேட்டில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கலாம். அங்கிருந்து வாய்வரை இரு பக்கமும் தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இறங்கும். சில கத்திகளில் இந்தப் பக்கக் குழிவு அகன்று ஆழமாக இருக்கும். அதை நேபாளத்தில் அங்கோலா என்பார்கள், எடை குறைக்கும் உத்தி அது. மூன்று வாய்க்கால் ஓடினால் தீன் சிர்ரா. ஆனால் வாய்க்கு நெருக்கமாக வந்ததும், கடைசி சில மில்லிமீட்டர்களில் அந்தப் பரப்பு மெல்லப் புடைத்து, புளியங்கொட்டையின் ஓரம் போல உருண்டு வாயில் முடியும். இந்தப் புடைப்புச் சரிவுதான் குக்ரியின் உண்மையான கூர். சவரக் கத்தியின் குழிந்த சரிவு மெல்லியதாக இருப்பதால் மயிரை வெட்டும், விறகில் பட்டால் மடியும். புடைப்புச் சரிவில் வாய்க்குப் பின்னால் உடனே சதை இருக்கிறது. விறகில் இறங்கும்போது அந்தச் சதை மரத்தை இருபக்கமும் ஒதுக்குகிறது, கத்தியும் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருகிறது.

இந்தச் சரிவு மூன்று இடங்களில் மூன்று விதமாக இருக்கும். உட்குழிவில் அது மெல்லியது; அங்கே குச்சி சீவலாம், கயிறு அறுக்கலாம், கயிறு வழுக்காமல் குழிவிலேயே நிற்கும். வயிற்றில் அது தடித்தது. முனைக்கு அருகில் மறுபடியும் மெலிகிறது. பழைய கத்தியின் வாயைச் சோதிக்க நான் செய்வது எளிது: கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயோரத்தில் இருபக்கமும் கோடிட்டுவிட்டு, 2000 எண் உப்புத்தாளை விரல் நுனியில் வைத்து ஒரே ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் இதுவரை தீட்டியவர்களின் கை பட்டிருக்கிறது. வாயோரத்தில் மட்டும் மெல்லிய கோடாக அழிந்தால், யாரோ பின்னால் ஒரு செங்குத்துச் சரிவைச் சக்கரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அகலமாகச் சீராக அழிந்தால் பழைய புடைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறகு எண்ணெய்த் துணியால் மையைத் துடைத்துவிடலாம். கடினத்தை அறிய அரத்தால் உரசிப் பார்க்கும் பழக்கம் பட்டறையில் உண்டு. அரம் வழுக்கினால் கடினம், கடித்தால் இளக்கம். புதுக் கத்திக்கு அது சரி. எழுத்து பொறித்த பழங்கத்தியில் அரம் வைக்கக் கூடாது.

உங்கள் கத்தியைத் தீட்ட வேண்டுமா என்பதே முதலில் முடிவு செய்ய வேண்டியது. அதை நீங்கள் வேலைக்கு எடுக்கப்போவதில்லை என்றால் என் பரிந்துரை தீட்டாமல் விடுவதுதான். உங்கள் சின்னத் தாத்தாவோ, அவருக்கு முன் அதை வைத்திருந்தவரோ கடைசியாகத் தீட்டிய தடம் அந்த வாயில் இருக்கிறது. அது போனால் திரும்பாது. ஆனாலும் தீட்டியே ஆக வேண்டும் என்று தோன்றினால், தட்டையான தீட்டுக்கல்லை எடுக்காதீர்கள். உட்குழிவில் அது இரண்டு முனைகளில் மட்டும் படும், நாளடைவில் அழகான வளைவைப் பல்லாங்குழி ஆக்கிவிடும். கணினி மவுஸுக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பின் மேல் 1000 எண் உப்புத்தாளை விரித்து, அலகைப் படுக்கவைத்து, வாய் பின்னால் வரும்படி, அதாவது சவரம் செய்யும் திசைக்கு எதிர்த்திசையில், முதுகை முன்னே விட்டு இழுக்க வேண்டும். விரிப்பு அமுங்கிக் கொடுப்பதால் தாள் வாயோரத்தில் தானாக வளைந்து புடைப்பைக் காக்கும். உட்குழிவுக்கு அதே தாளை ஓர் உருட்டுக்கட்டையில் சுற்றிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழுந்ததும் பக்கம் மாற்ற வேண்டும். பிறகு 2000 எண் தாள். கடைசியில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் பட்டை. ஒரு மாலை முழுவதும் பிடிக்கும், கை வலிக்கும், சூடு மட்டும் ஏறாது.

வயிற்றில் விழுந்திருக்கும் பல்லைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மிளகளவு என்றால் அதை முழுவதுமாக எடுக்க வாய் நெடுக ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் உருக்கை இழக்க வேண்டும். வாய்க்குத் தண்ணீர் பட்ட கடினப் பகுதியின் அகலம் பல கத்திகளில் ஒரு விரல்கூட இருக்காது. அதில் இரண்டு மில்லிமீட்டரை எடுத்துவிடுவது வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து கல் எடுப்பது போல. பல்லின் உள்ளே பூதக்கண்ணாடியில் விரிசல் கோடு தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அது மடிந்த பல்லா, உடைந்த பல்லா என்பதையும் கவனியுங்கள்: ஒரு பக்கமாக மடிந்திருந்தால் அந்த இடம் இளக்கம், துண்டாக உதிர்ந்திருந்தால் கடினம் மிகுந்த இடம். வயிற்றில் உதிர்ந்த பல் நல்ல தோய்ச்சலுக்குச் சாட்சி சொல்கிறது.

இந்த இடத்தில் கத்தியோடு உறையில் வந்திருக்க வேண்டிய இரண்டு சிறு துணைகளைப் பற்றிக் கேட்கிறேன். உறையின் பின்பக்கத்தில் இரண்டு சிறு பைகள் தைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் கர்தா என்ற சிறு கத்தி. இன்னொன்றில் சக்மக் என்ற, வாயில்லாத உருக்குத் துண்டு. சக்மக்கைப் பார்த்துப் பலர் மழுங்கிய கத்தி என்று நினைத்துத் தீட்டிவிடுகிறார்கள். அது குக்ரியின் மடிந்த வாயை நிமிர்த்தித் தேய்க்கவும், கல்லில் அடித்து நெருப்புப் பொறி எழுப்பவும் வைத்திருப்பது. உங்களிடம் அது இருந்தால் குக்ரியின் அன்றாடப் பராமரிப்புக் கருவி வீட்டிலேயே இருக்கிறது. ஒன்று தொலைந்து ஒன்று மட்டும் இருப்பது மிகச் சாதாரணம். வேறொரு கத்தியிலிருந்து எடுத்துச் சேர்க்காமல் அந்தப் பையைக் காலியாகவே வைத்திருங்கள்.

பிடியைப் பொறுத்தவரை, அலகின் வால் கொம்பின் உள்ளே முழு நீளமும் சென்று அடித்தகட்டில் அடிக்கப்பட்டிருக்கிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். பிடியின் அடியில் வைரவடிவச் சிறு தகடு தெரிந்து, அதன் நடுவில் வால் முனை தட்டையாக அடிக்கப்பட்டிருந்தால் முழு நீளம். இருபக்கமும் பட்டையாக உருக்கு தெரிந்து ஆணிகளால் பிணைக்கப்பட்டிருந்தால் அது பனாவல் வகை. உள்ளே பிடித்து வைத்திருப்பது லாஹா என்ற பிசின். நம் ஊரில் கத்திப் பிடிக்கு அரக்கு உருக்கி ஊற்றுவதைப் போன்றதே. சூட்டில் அது இளகும். எனவே வெயிலில் நிற்கும் காருக்குள் கத்தியை வைக்காதீர்கள், கொதிநீரில் கழுவாதீர்கள். எருமைக்கொம்பு வறண்டால் வெடிக்கும், சில பூச்சிகளும் அதை அரிக்கும். ஆண்டுக்கு இருமுறை மெல்லிய மெழுகு போதும்.

உறையிலிருந்து எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில் காயம் பட்டவர்களை அறிவேன். உறையை இடக்கையால் பிடிக்கும்போது விரல்கள் வாய்ப்பக்கத்தைச் சுற்றி வரக் கூடாது. உறை இரண்டு மரச்சீவல்களின் மேல் தோல் போர்த்தியது. ஆண்டுகள் பல ஆனதும் வாய்ப்பக்கத் தையல் நைந்து, இழுக்கும் கத்தி தோலைக் கிழித்துக்கொண்டு விரலுக்கு வரும். முதுகுப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, முதுகை உறையின் முதுகோடு உரசியபடியே கத்தியை வெளியே எடுங்கள். உள்ளே விடும்போதும் அப்படியே.

வயதைப் பற்றி. முதுகில் "ஸ்ரீ" என்று தொடங்கும் எழுத்துகள் நேபாள ஆயுதக் கிடங்குகளில் இருந்த கத்திகளில் அடிக்கடி காணப்படுபவை. "ஸ்ரீ" என்பதை அடுத்து தேவநாகரி 5 இருந்தால் அது மன்னரைக் குறிக்கும் மரபு. 3 இருந்தால் 1846 முதல் 1951 வரை ஆட்சி நடத்திய ராணா பிரதமர்களைக் குறிக்கும். அதற்குப் பிறகு படைப்பிரிவின் பெயரும் எண்ணும் வரலாம். காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய ஆயுதக் கிடங்கில் இருந்த ஆயுதங்களை 2003இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. அப்போது வெளிவந்த ஆயிரக்கணக்கான குக்ரிகளால்தான் இந்த எழுத்துகள் சேகரிப்பாளர்களிடையே பரவலாக அறியப்பட்டன. அவற்றில் இரண்டு வகைகள் மிகுதி: அகன்ற, கனமான வயிறு கொண்ட போஜ்புரே, நீண்டு மெலிந்து பிடியும் வளைந்து செல்லும் ஹன்ஷி. உங்கள் சின்னத் தாத்தாவின் கத்தி அந்தக் கிடங்கிலிருந்து வெளிவந்ததாக இருக்க முடியாது, காலம் ஒத்துவரவில்லை. ஆனால் அதே மரபில் முன்பே கைமாறி வந்ததாக இருக்கலாம். உலகப் போர்களின்போது இந்தியாவில் படைக்கென்று செய்யப்பட்ட குக்ரிகள் வேறு. அவற்றில் செய்தவரின் குறியும், ஆண்டும், பிரிட்டிஷ் அரசின் அகன்ற அம்புக்குறியும் ரோமன் எழுத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குப் போலிகளும் நிறைய உண்டு.

எழுத்து உண்மையா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. இருட்டறையில் கைவிளக்கைத் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்து எழுத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய உளிவெட்டின் அடியிலும் சுற்றியுள்ள முதுகிலும் ஒரே பழுப்புப் படலம் ஓடியிருக்கும். முதுகு கறுத்தும் எழுத்தின் உள்ளே வெளிறியும் இருந்தால் எழுத்து பின்னால் சேர்க்கப்பட்டது. கறையும் வடிவமும் எழுத்தும் உறையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை நம்பாதீர்கள். இந்தக் காரணத்துக்காகவே அந்தப் பழுப்பையும் சாம்பல் நிறத்தையும் தேய்த்து எடுக்கக் கூடாது. சிவப்புத் துரு மட்டும் எதிரி. அதை எண்ணெய் தொட்ட பருத்தித் துணியாலும், பிடிவாதமான இடத்தில் மூங்கில் சீவலாலும் மெல்ல எடுங்கள்.

வைப்பதற்கு உறை நல்ல இடம் அல்ல. தோல் ஈரத்தை இழுக்கும். சென்னையோ தூத்துக்குடியோ என்றால் உப்பும் சேரும். கத்தியை எண்ணெய் பூசித் துணியில் சுற்றித் தனியாகவும், உறையைப் பக்கத்திலும் வைக்கலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். தையல் இயந்திர எண்ணெயே போதும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை இந்திய ஆயுத விதிகள் தனி வகையாக வைத்திருக்கின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டும். உங்கள் அலகு 11 அங்குலம் என்பதால் உங்கள் பகுதியின் நிலையைக் காவல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அது 100 ஆண்டு கடந்தது என்று தெரியவந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

முதுகில் உள்ள எழுத்துகளை நான் சொன்ன பக்கவாட்டு ஒளியில், ஓர் அளவுகோலை அருகே வைத்து, நான்கைந்து படங்களாக எடுங்கள். "ஸ்ரீ"யை அடுத்து வரும் எண்ணும், பிடியின் அடித்தகடும் தெளிவாகத் தெரிய வேண்டும். சின்னத் தாத்தாவின் பணிக்காலம், ரெஜிமெண்ட், அதை யாரிடம் வாங்கினார் என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால், அவர்கள் சொல்லும் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி உறையோடு வைத்துவிடுங்கள். படங்கள் கிடைத்ததும் எழுத்துகளைப் படித்துச் சொல்கிறேன். அதுவரை வாயில் எதுவும் படாமல் இருக்கட்டும்.